இரவில் தரையில் ஓடும் சிலந்தி: அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஐப்பசி மழை பிடித்து இரண்டு நாள் ஆனால் போதும், எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டதா?" கூடத்தில் விளக்கைப் போட்டதும் சோபாவுக்கு அடியிலிருந்து சாம்பலும் பழுப்புமாக ஒன்று தரையோடு தரையாகப் பாயும், நடுவழியில் சட்டென்று நிற்கும், மறுபடியும் பாயும். எட்டுக்கால் பூச்சி என்றால் மூலையில் ஒட்டடையில் தொங்கும் என்று பழகிய கண்ணுக்கு இது ஏதோ கொடிய ஜந்து போலத் தெரிவதில் வியப்பில்லை.

டெல்டாவில் வயலை மனையாக்கிய இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கொல்லைச் சுவருக்கு அப்பால் இன்னும் சம்பா நடுகிறார்கள். அங்கிருந்து சுவர் தாண்டி வருவதுதான் இந்த ஓநாய்ச் சிலந்தி. உலகெங்கும் 2,400க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் இது. ஓநாய் என்றதும் கூட்டமாக வேட்டைக்குப் போகும் என்று நினைத்துவிட வேண்டாம். இது தனி ஆள். வலை பின்னி உட்கார்ந்திராமல் இரையைத் துரத்திப் பிடிப்பதால் அந்தப் பெயர். நெல் வயலில் இருக்கும் பார்டோசா சூடோஅனுலாட்டா என்ற இனம், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்னும். வட்டம் வட்டமாகக் காய்ந்துபோன பயிரைப் பார்த்துத் தலையில் கைவைத்த எந்த விவசாயியும் அதை அடிக்கமாட்டார். அதே சிலந்தி நம் கூடத்துக்குள் வந்தால்தான் விளக்குமாறு தேடுகிறோம்.

இது வீட்டுக்குள் வரப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: பூச்சியை இழுக்கும் வாசல் விளக்கு, கதவுக்கு அடியில் இடுக்கு, உள்ளே கரப்பானும் பாச்சையும். கீழே உள்ள கோளாறுகளில் பல கடைசியில் இவற்றில்தான் போய் முடியும். தோல் எரிச்சல் மட்டும் வேறு கதை. அதற்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் வேலை: ஆள் யார் என்று பாருங்கள்

டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கையைத் தாழ்த்திப் பிடிக்காமல் உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்து நான்கைந்து அடி தள்ளி அடியுங்கள். ஓநாய்ச் சிலந்தியாக இருந்தால் பச்சை கலந்த வெள்ளி மினுக்கம் ஒன்று திரும்பி வரும். இரவில் மாட்டின் கண் பளபளப்பது போலத்தான். விழிக்குள் கண்ணாடி போன்ற படலம் இருக்கிறது. ஒருமுறை இப்படி வரப்புப் பக்கம் அடித்துப் பாருங்கள், பனித்துளி என்று நினைத்ததில் பாதி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

தைரியம் இருந்தால் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கி முகத்தைப் பாருங்கள். கீழ் வரிசையில் நான்கு பொடிக் கண்கள், அதற்கு மேலே நேராக முன்னே பார்க்கும் இரண்டு பெரிய கண்கள், உச்சியில் சற்றுப் பின்தள்ளி இன்னும் இரண்டு. இந்த மூன்றடுக்கு வரிசையைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, நண்டு போலக் கால்களைப் பக்கவாட்டில் பரப்பி, உள்ளங்கை அகலத்துக்கு இருப்பது வேறு. காலண்டருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது அதுதான். அது கரப்பான் தின்னும் சிலந்தி. பெண் சிலந்தி முட்டைப் பையைத் தட்டை வில்லையாக வயிற்றுக்கு அடியில் வைத்திருக்கும். ஜன்னல் ஓரத்தில் தத்தித் தத்திக் குதித்து, தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும் சிறியது குதிக்கும் சிலந்தி. அதனால் ஒரு தொல்லையும் இல்லை. மலையடிவாரத்து வீடுகளிலும் தோப்பு வீடுகளிலும் மட்டும், தடித்த கால்களில் அடர்ந்த மயிரும் பட்டை பட்டையாகக் கோலம் போட்டது போன்ற உடலும் கொண்ட மரப்பொந்துச் சிலந்தி எப்போதாவது வரும். அது கடித்தால் தசைப்பிடிப்பும் கடும் வலியும் உண்டாகும். அதைக் கையாலோ டம்ளராலோ பிடிக்கப் போகாதீர்கள்.

"விளக்கைப் போட்டதும் ஒன்றே ஒன்று ஓடுகிறது"

வழி தவறி வந்தது. பெரும்பாலும் பெண்ணைத் தேடி அலையும் ஆண் சிலந்தி. முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டைக் கைகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அவற்றின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போலப் புடைத்திருந்தால் ஆண்.

பிடிக்கக் கண்ணாடி டம்ளர் வேண்டும். எவர்சில்வர் டம்ளரில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கவிழ்த்தபின் திறக்கப் பயந்து மறுநாள் காலைவரை அப்படியே விட்டுவைத்த வீடுகளை எனக்குத் தெரியும். சிலந்தி ஓடி நிற்கும் அந்த நொடியில் டம்ளரைக் கவிழ்த்துவிடுங்கள். விளிம்பில் கால் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அடியில் ஓர் அட்டையைச் செருகுங்கள். இந்த வேலைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையை மிஞ்சிய அட்டை கிடையாது; வளையாது, வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளிச் செடி மறைவில் விடுங்கள். வாசற்படியில் விட்டால் உங்களுக்கு முன்பே அது வீட்டுக்குள் போய்விடும்.

"காலையில் குளியலறை வாளியில் கிடக்கிறது"

குழாய் வழியாக வரவில்லை. தண்ணீர் தேடி வந்து வாளிக்குள் விழுந்திருக்கிறது. ஓநாய்ச் சிலந்திகளில் பலவற்றுக்கு வழவழப்பான பரப்பில் ஏற வராது. பிளாஸ்டிக் வாளியின் சுவரில் முன்னங்கால்களை வைத்து வைத்து வழுக்கி, அடியில் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். இதையே அடையாளம் காணவும் பயன்படுத்தலாம்: கண்ணாடியில் சரசரவென்று ஏறினால் அது இந்தக் குடும்பம் இல்லை. இரவில் வாளியைக் கவிழ்த்து வையுங்கள், வடிகால் ஓட்டைக்குச் சல்லடை மூடி போடுங்கள். அவ்வளவுதான்.

"மழை தொடங்கியதும் நாளுக்கு நான்கைந்து வருகின்றன"

மண்ணுக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் இருந்த வளைகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. அறுவடை நாட்களிலும் இதே கதை: பயிர் இருந்த இடம் ஒரே பகலில் மொட்டையானால் அதில் இருந்தவை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? வழியில் உங்கள் வாசல் விளக்கு எரிகிறது. விளக்கடியில் ஈசலும் அந்துப்பூச்சியும் விழுந்து துடிக்கின்றன. சிலந்தியின் கணக்கில் அது பந்தி.

இரவு எட்டு மணிக்கு வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு உள்ளே உட்காருங்கள். வெளியிலிருந்து ஒருவர் கதவின் அடிப்பகுதியில் டார்ச் அடிக்கட்டும். வெளிச்சம் கோடாக உள்ளே வரும் இடமெல்லாம் பாதை. எங்கள் வீட்டில் முன்கதவு சரியாகத்தான் இருந்தது. கொல்லைக் கதவின் ஒரு மூலையில் மழையில் மரம் உப்பி, அறுத்துச் சீவியபோது ஆசாரி கொஞ்சம் தாராளமாகச் சீவிவிட்டிருந்தார். அந்த மூலைதான் ராஜபாட்டை.

கதவடியில் பொருத்தும் ரப்பர் பட்டை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, தரையை லேசாக உரசும்படி வெளிப்பக்கம் ஆணி அடித்துவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது. எங்கள் கொல்லைக் கதவில் அடித்து ஆறு வருடமாகிறது, இன்னும் வேலை செய்கிறது.

அடுத்து விளக்கு. வெள்ளை டியூப் லைட் இழுக்கும் அளவுக்கு மஞ்சள் பல்பு பூச்சிகளை இழுப்பதில்லை. வாசல் விளக்கை மஞ்சளாக மாற்றுங்கள், முடிந்தால் கதவுக்கு நேர் மேலே இல்லாமல் கேட் பக்கம் தள்ளி மாட்டுங்கள். மூன்றாவதாக, சுவரை ஒட்டி அடுக்கியிருக்கும் செங்கல், விறகு, தென்னை மட்டை. "எப்போதாவது உதவும்" என்று வைத்த அந்தக் குவியலைச் சிலந்தி எப்போதும் உபயோகிக்கிறது. மூன்றடி தள்ளி வைத்தால்கூடப் போதும். நகர்த்தும்போது கையுறை போட்டுக்கொண்டு, முதலில் ஒரு கழியால் தட்டுங்கள். அந்த அடுக்கில் சிலந்தியைவிடத் தேள்தான் கவலைக்குரியது.

"பின்னால் வெள்ளை உருண்டை ஒட்டியிருக்கிறது" அல்லது "முதுகு முழுக்கச் சொரசொரப்பாக அசைகிறது"

துடைப்பத்தைக் கீழே வையுங்கள். முட்டைப் பையை உடலின் பின்முனையில் நூல் சுரக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, போகும் இடமெல்லாம் இழுத்துக்கொண்டு திரிவது இந்தக் குடும்பத்தின் தனி வழக்கம். பையைப் பிடுங்கிவிட்டால் தேடி அலையும். அதற்குப் பதிலாக அதே அளவுத் தக்கை உருண்டையைக் கொடுத்தால் அதையும் ஒட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும். முட்டை பொரிந்ததும் தாய் பையின் ஓரத்தைப் பிரித்துவிடும். குஞ்சுகள் கால்களில் ஏறி முதுகில் அடுக்கடுக்காக உட்கார்ந்துகொள்ளும். சில நாட்கள் அப்படியே சவாரி. அந்த நாட்களில் அவை இரை தேடுவதில்லை; உடலில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே சாப்பாடு.

இது தெரியாமல் நான் ஒரு முறை கூடத்தில் நின்ற பெரிய சிலந்தி ஒன்றின் மேல் துடைப்பத்தை ஓங்கிப் போட்டேன். அடுத்த விநாடி தரையில் மிளகுப் பொட்டலம் பிரிந்தது போல் இருந்தது. மிளகு உருளும், இவை எல்லாத் திசையிலும் ஓடின. ஒன்று துடைப்பக் குச்சி வழியாக என் மணிக்கட்டுவரை வந்தது. அம்மா நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு, "இருந்தது ஒன்று, இப்போது நூறாக்கிவிட்டாயே" என்றார். எண்ணிக்கையில் அவர் அதிகம் பிசகவில்லை.

குஞ்சு சுமக்கும் சிலந்தியைக் கண்டால் அகன்ற கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை மெதுவாகக் கவிழ்த்து, அட்டை செருகி, முழுக் குடும்பத்தையும் வெளியே கொண்டுபோங்கள். ஏற்கெனவே சிதறிவிட்டதா? ஈரத் துணியால் வட்டத்தின் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி ஒற்றி எடுங்கள். வேக்குவம் இருந்தால் இன்னும் சுலபம். தப்பித்த குஞ்சுகளை எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இரையில்லாத வீட்டுத் தரையில் அவற்றில் பெரும்பாலானவை பிழைக்காது, ஒன்றையொன்று தின்னவும் செய்யும்.

"மருந்து அடித்தும் குறையவில்லை"

ஒரு வருடம் நாங்களும் பூச்சி மருந்து அடிக்கும் ஆட்களை அழைத்தோம். முதுகில் டப்பாவோடு வந்த பையன் சுவரும் தரையும் சேரும் மூலைகளில் எல்லாம் பீய்ச்சிவிட்டு, மூன்று மாத உத்தரவாதம் என்று சீட்டு கொடுத்துவிட்டுப் போனான். அன்று இரவு கரப்பான்கள் போதையேறியது போல வெளியே வந்து மல்லாந்தன. மறுநாள் அவற்றைத் தேடிக்கொண்டு சிலந்திகள் வந்தன, முன்பைவிட அதிகமாக. உத்தரவாதச் சீட்டில் சிலந்தி சேராதாம். சிறிய எழுத்தில் இருந்தது.

காரணம் எளிது. கரப்பானும் எறும்பும் மருந்து பட்ட தரையில் உடலை இழுத்துக்கொண்டு போகும், கால்களையும் மீசையையும் வாயால் சுத்தம் செய்யும். மருந்து உள்ளே போய்விடும். சிலந்தி கால் நுனிகளில் எழும்பி நடக்கிறது. காய்ந்த மருந்து அதன் உடலில் ஒட்டுவது குறைவு. நேரே மேலே பட்டால் சாகும்தான். நேரே மேலே அடிக்கும் தூரத்தில் இருப்பதை டம்ளராலேயே பிடித்துவிடலாமே. மீன் தொட்டியும் பூனையும் உள்ள வீட்டில் இந்த மருந்துகள் கூடுதல் ஆபத்து. எறும்புச் சாக்பீஸும் சிலந்தியைத் தடுக்காது. பீரோவில் போடும் ரசகற்பூர உருண்டைகளை மூலைக்கு மூலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கும் அறையில் அதை வைக்கவே கூடாது, ஒருவகை நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

எலிக்கு வைக்கும் பசை அட்டை எனக்குப் பிடிக்காத பொருள், பல்லி மாட்டிக்கொண்டு துடிப்பதைப் பார்த்தபிறகு இன்னும் பிடிக்காது. ஆனால் எந்தக் கதவு பாதை என்று கண்டுபிடிக்க மூன்று இரவு மட்டும் வைத்துப் பார்க்கலாம். எந்த அட்டையில் சிலந்தி விழுகிறதோ அந்தக் கதவைச் சரிசெய்யுங்கள். பல்லி சிக்கினால் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு விடுவியுங்கள்.

"கழுத்தில் கோடாக எரிகிறது, சிலந்தி ஏறிவிட்டது என்கிறார்கள்"

தமிழில் இந்தப் பழி பழையது. சிலந்தி என்ற சொல்லுக்கே புண், கட்டி என்ற பொருளும் உண்டு. காலில் புழு நெளிந்து வெளிவந்த அந்தக் கொடிய நோய்க்கு நரம்புச் சிலந்தி என்றுதான் பெயர். 1996க்குப் பிறகு இந்தியாவில் அந்த நோய் யாருக்கும் வரவில்லை, 2000இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெயர் மட்டும் தங்கி, தோலில் எது வந்தாலும் "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டிருக்கும்" என்பது வீட்டுப் பாட்டிகளின் முதல் தீர்ப்பாகிவிட்டது.

படுத்தெழுந்தபின் கழுத்திலோ கண்ணோரத்திலோ முழங்கை மடிப்பிலோ சாட்டையால் வரைந்தது போலச் சிவந்த கோடு, எரிச்சல், பிறகு கொப்புளம். முழங்கை மடிப்பில் என்றால் மடியும் இரு பக்கமும் அச்சில் வார்த்தது போல் ஒரே புண். இது சிலந்தி இல்லை. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு வண்டு. பார்க்க நீண்ட எறும்பு போல இருக்கும்; ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, நடுவில் நீலப் பளபளப்பு. அதுவும் நெல் வயலில்தான் வாழ்கிறது, அதுவும் புகையானைத் தின்கிறது, அதுவும் டியூப் லைட்டுக்கு வருகிறது. கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்வதைத் தூக்கத்தில் நசுக்கித் தேய்த்துவிட்டால் அதன் உடல் நீரில் உள்ள பெடரின் என்ற நஞ்சு தோலைச் சுடும். அந்த எரிச்சல் பெரும்பாலும் ஒரு நாள் கழித்தே தெரிவதால் வண்டு நினைவில் இருக்காது. அன்றைக்கு மூலையில் தென்பட்ட சிலந்தி மாட்டிக்கொள்ளும். உடலில் ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதே கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கண்ணருகே இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

உடலின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொத்துக் கொத்தாகக் கொப்புளமும் குத்தும் வலியும் என்றால் அக்கி. அம்மை போட்ட கிருமி உடலில் தூங்கிக் கிடந்து மறுபடி எழுவது. குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மருத்துவரைப் பார்த்த பிறகு. அதற்கான மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

உண்மையிலேயே ஓநாய்ச் சிலந்தி கடித்தால்? கையால் அமுக்கினாலோ, செருப்புக்குள் இருப்பது தெரியாமல் கால் நுழைத்தாலோ கடிக்கும். சுருக்கென்று வலி, சிவப்பு, கொஞ்சம் வீக்கம். ஓரிரு நாளில் வடியும். பிரேசிலில் இந்தக் கடியால் தோல் அழுகும் என்றே ஒரு காலத்தில் நம்பினார்கள். சாவோ பாவ்லோவில் 515 கடிகளை ஆராய்ந்து 1990இல் வெளியான ஆய்வு அந்தப் பயத்தைத் தீர்த்தது. யாருக்கும் அழுகல் இல்லை. சோப்பும் தண்ணீரும், துணியில் சுற்றிய ஐஸ், தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் டெட்டனஸ் ஊசி. சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவர். மூச்சுத் திணறினால் அந்த நிமிடமே மருத்துவமனை.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தரையில் பாய் விரித்துப் படுத்தவர் நடு இரவில் "ஏதோ பூச்சி கடித்தது" என்று எழுந்து, பார்த்தால் தடமே இல்லை, சரி சிலந்தியாக இருக்கும் என்று மறுபடி படுக்கிறார். விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி, கண் இமை தானாகச் சரிகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. இது கட்டுவிரியன் கடி. அதன் கடியில் பெரும்பாலும் வலியும் இருக்காது, பல் தடமும் தெரியாது. 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். அறிகுறி முற்றட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தரைப் படுக்கை, இரவுக் கடி, இமைச் சரிவு என்று வாயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

"மூலையில் ஒன்று செத்துக் கிடக்கிறது"

குச்சியால் புரட்டிப் பாருங்கள். எடையே இல்லாமல், தலைப்பகுதி டப்பா மூடி போலத் திறந்திருந்தால் அது உரித்த சட்டை. ஆள் சற்றுப் பெரிதாகி வேறெங்கோ நடமாடிக்கொண்டிருக்கிறது. சுவரில் இருந்த குளவியின் மண்கூட்டை உடைத்தபோது உள்ளிருந்து ஏழெட்டுச் சிலந்திகள் கொட்டினால், அவையும் செத்தவை அல்ல. குளவி கொட்டி மயங்கவைத்து, பிறக்கப்போகும் தன் புழுவுக்குக் கட்டிவைத்த சோறு.

"எல்லாம் செய்தும் வருகிறது"

கதவை அடைத்து, விளக்கை மாற்றி, குவியலை நகர்த்திய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பிறகு இரண்டு வாரம், தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு சுற்று டார்ச்சோடு நடந்து, கண்டதை எண்ணி அந்தந்த நாளின் கட்டத்தில் எழுதுங்கள். எண் இறங்கினால் விட்டுவிடுங்கள். இறங்கவில்லை என்றால் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் கதவைத் திறந்து, குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையில் வெளிச்சம் அடியுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஓட்டையைச் சுற்றிச் சிமெண்டே பூசவில்லை; உள்ளே கரப்பான் முட்டைகள் புளியங்கொட்டை நிறத்தில் வரிசையாக ஒட்டியிருந்தன. கால் கிலோ வெள்ளைச் சிமெண்ட் வாங்கி அடைத்தேன்.

துளசி மாடத்துக்குப் பின்னால் இருக்கும் ஒன்றை மட்டும் நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அது வெளியே இருக்கிறது.